தலைப்பிரசவத்துக்குப் புறப்பட்ட வீடு

செங்கோடனும் அவர் மனைவி நல்லம்மாவும் ஊர் எல்லையைத் தாண்டி எந்த வண்டியில் போய் எங்கே இறங்கினாலும் எங்கள் பட்டறைத் தெருவில்தான் இறங்கினார்கள் என்பதால், இறங்கவே வேண்டாத ஒரு வண்டியை வாங்குவது என்று அவர்கள் முடிவு செய்ததில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முதலில் அது நடந்தது ஈரோட்டில். மகள் தாரணியின் கருமாதி முடிந்த மறுவாரம், நாலு நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று நல்லம்மா புருஷனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஈரோடு பஸ் நிலையத்தில் கண்டக்டர் விசில் ஊதி, எல்லோரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, கடைசியாக இவர்கள் இரண்டு பேரும் படியிலிருந்து காலைக் கீழே வைத்தபோது அந்தக் கால் பதிந்தது எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் முக்கில். பஸ் ஈரோட்டில் நின்றது, இவர்கள் இங்கே நின்றார்கள். குழாயடியில் குடத்தோடு நின்ற கோகிலா, எதிர்வீட்டுக்காரி, "ஏனுங்க்கா, அதுக்குள்ள வந்துட்டீங்ளா? அண்ணன் வீட்ல ஆளில்லீங்ளா?" என்று கேட்டாள். நல்லம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பிறகு சேலத்துக்குப் போய்ப் பார்த்தார்கள், ரயிலில் மதுரைக்குப் போய்ப் பார்த்தார்கள், தெரிந்தவர் லாரியில் கேரளா வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். எங்கே காலை வைத்தாலும் பிள்ளையார் கோவில் முக்குதான். எங்களுக்கும் பழகிவிட்டது. அவர்கள் காற்றிலிருந்து இறங்கும் இடத்தில் யாரும் சைக்கிளை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டோம்.

கருமாதி என்றதும் தாரணி செத்துவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் கர்நாடகாவில் ஹாசனுக்கு வேலைக்குப் போன இடத்தில், எங்களுக்குக் கீழே என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் சாதியில் ஒரு பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் தெரு என்று ஒன்று இருக்கிறதே. லாரிக்குக் கூடு, அதாவது பாடி, கட்டும் பட்டறைகளுக்கு நடுவில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் நாங்கள், ஒரு வீட்டுக் காரியத்தை ஒன்பது வீடு கூடிப் பேசித்தான் பழக்கம். கூடிப் பேசினோம். அவள் கல்லூரி அடையாள அட்டையில் சிரித்துக்கொண்டிருந்த படத்தைப் பெரிதாக்கி, கண்ணீர் அஞ்சலி என்று மேலே போட்டு, ஊர்ச் சுவரெல்லாம் நாங்களே பசை தடவி ஒட்டினோம். செங்கோடனுக்கு மொட்டை அடித்து, தண்ணீர் ஊற்றி, தலை முழுக வைத்தோம். நல்லம்மாவை ஈரச் சேலையோடு உட்கார வைத்தபோது அவள் அழவில்லை, அழுதால் நல்லது என்று கோகிலா தொடையில் கிள்ளியும் அழவில்லை. பந்தியில் சாம்பாருக்கு உப்புக் கொஞ்சம் தூக்கல். மற்றபடி குறை சொல்ல ஏதும் இல்லாமல் காரியம் நடந்தது.

அதற்கப்புறம்தான் இவர்களால் எங்கேயும் இறங்க முடியாமல் போனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நாங்கள் ஆராயவில்லை. எல்லாவற்றையும் ஆராய்ந்துகொண்டிருந்தால் பிழைப்பைப் பார்ப்பது யார்?

தாரணியிடமிருந்து போன் வந்தது அவள் வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய மாதத்தில். எங்கள் தெருவில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். ஆயிரம் சண்டை இருக்கட்டும், பெண்ணை வளைகாப்பு முடித்து அழைத்துவந்து, பேறு பார்த்து, பிள்ளையும் கையுமாகத் திருப்பி அனுப்பாத தாய் இங்கே தாயாகக் கணக்கில் சேர மாட்டாள். நல்லம்மா சமையலறையில் நின்று போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். ஜன்னல் திறந்திருந்தது, கோகிலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், ஆகவே எங்களுக்கும் தெரியும்.

"நீ இங்க வந்துரு கண்ணு. அம்மா பாத்துக்கறேன்."

"செத்தவ எப்படிம்மா அந்தத் தெருவுக்கு வருவா?"

நல்லம்மா அடுப்பை அணைத்தாள். அப்புறம் சொன்னாள்: "அப்ப அம்மா வீடு அங்க வரும் சாமி."

அன்று சாயங்காலமே அவள் புருஷனிடம் கேரவன் வண்டி வேண்டும் என்று கேட்டாள். சினிமாக்காரர்கள் உடை மாற்றவும் படுக்கவும் வைத்திருப்பார்களே, கட்டிலும் குழாயும் கக்கூசும் உள்ளேயே இருக்குமே, அந்த வண்டி. பழையது போதும், சின்னது போதும். ஓட்டிக்கொண்டு போய் மகள் வீட்டு வாசலில் நிறுத்தினால் நாம் இறங்க வேண்டியதில்லை, அவள் ஏறிக்கொள்வாள், குழந்தை பிறந்து தலை நிற்கும் வரைக்கும் அதற்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். செங்கோடன் லாரிக்குக் கூடு கட்டுவதில் பெயரெடுத்தவர், வீட்டுக்குள் வாய் பேசாதவர். மகளுக்குத் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து வெளியிலும் பேச்சை விட்டிருந்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். "கூடு நல்லா இருந்தா வாங்கலாம் புள்ள" என்றார். வண்டி வந்தால் காசி ராமேஸ்வரம் போகப்போகிறோம் என்று தெருவுக்குச் சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்தார்கள். நாங்கள் நம்பியதுபோல் காட்டிக்கொண்டோம்.

வண்டி வாங்கவும் அவர்களால் போக முடியாது, சென்னையில் இறங்கினால் இங்கேதானே இறங்குவார்கள். எனவே வண்டிதான் எங்களைத் தேடி வந்தது. ஜெயசீலன் என்ற புரோக்கர் ஓட்டிக்கொண்டு வந்து, செங்கோடன் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். பெரிய நடிகர்களின் வண்டி இல்லை. அம்மா வேஷம் கட்டுகிறவர்கள் மூன்று நான்கு பேருக்குச் சேர்த்து ஒதுக்குகிற சின்ன வண்டி. உள்ளே பல்பு சூழ்ந்த கண்ணாடி, ஒடுக்கமான கட்டில், ஆள் திரும்ப முடியாத குளியலறை, எந்தக் காலத்திலோ சிந்திய பவுடரின் வாசனை. ஜன்னலெல்லாம் திறக்க முடியாதபடி பதித்த கறுப்புக் கண்ணாடி. உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே தெரியும், வெளியேயிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும்.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு சார். ஒரே கை ஓட்டின வண்டி" என்றான் ஜெயசீலன்.

கூடு கட்டும் தெருவுக்குள் வந்து இதைச் சொன்னது அவன் போதாத காலம். ஒருவர் கீழே படுத்து ஸ்பிரிங் பட்டையைத் தட்டினார், ஒருவர் ஆயில் கம்பியை உருவி மோந்து பார்த்தார், ஒருவர் டயரை உதைத்துவிட்டு மாமனாரைப் பார்ப்பதுபோல ஜெயசீலனைப் பார்த்தார். செங்கோடன் மேலே ஏறி, ஒழுகுகிறதா என்று கூரையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், தெருப் பிள்ளைகள் நனைந்து ஆடினார்கள். நல்லம்மா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றுக்கு முன்னால் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நிறைமாதக்காரி புரண்டு படுக்க இடம் இருக்கிறதா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டாள். பிறகு கூரைக் கம்பியில் தன் சேலையைக் கட்டித் தொங்கிப் பார்த்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்று பதறினான் ஜெயசீலன்.

"தொட்டில் தாங்குமான்னு பாக்கறேன்" என்றாள். தாங்கியது. வாங்கினார்கள்.

வண்டியின் குணம் எங்களுக்குத் தெரிந்தது முதல் ஓட்டத்தில். ஏற்காட்டுக்குப் போனார்கள். உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் ஏற்காடு இல்லை, எங்கள் தெரு. எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், வேப்பமரத்தடியில் வண்டி இல்லை, அதன் கதவும் இரும்புப் படியும் மட்டும் அந்தரத்தில் நின்றன. அந்தக் கதவு வழியாக நாங்கள் ஏறிப் பார்த்தோம். உள்ளே நல்லம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள், ஜன்னலில் ஏற்காட்டு மேகம் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரத்துக்குள் தெரு முழுவதும் ஏற்காட்டைப் பார்த்துவிட்டது. அடுத்தது மேட்டூர் அணை, அதற்கடுத்தது திருவண்ணாமலை. செங்கோடன் ஓட்டம் பழகப் போன இடத்துக்கெல்லாம் நாங்களும் போனோம். பால்காரர் கதவைத் தட்டிப் பாலைக் கொடுத்தார், பூக்காரி படியில் உட்கார்ந்து பூக் கட்டினாள், வண்டி கடற்கரைக்குப் போன அன்று கால் விளங்காத சின்னராசு மாமாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலைக் காட்டினோம். திருவண்ணாமலையில் மலையைக் கண்ணாடி வழியாகக் கும்பிட்டால் புண்ணியம் உண்டா என்று சந்தேகம் வந்தபோது, பாதி உண்டு என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். அதனால் இரண்டு முறை கும்பிட்டோம். டீசல் போடத்தான் அவர்களுக்குப் பெரும்பாடு. இறங்கவும் முடியாது, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினால் எங்கள் தெருச் சாக்கடை நாற்றம்தான் வரும். காகிதத்தில் எழுதி முன்கண்ணாடியில் காட்டுவார்கள், பங்க்காரன் நீட்டும் க்யூஆர் அட்டையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே போனில் பிடித்துப் பணம் அனுப்புவார்கள்.

நல்லம்மாவுக்கு நாங்கள் வருவது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. பிடிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தாரணிக்கு ஒன்பதாம் மாதம் பிறந்ததும் நல்ல நாள் பார்த்து ஹாசனுக்குப் புறப்பட்டார்கள். காசிக்கு என்றார்கள். வெந்தயக் களிக்கு அரிசியும் பிள்ளைக்குத் துவைத்து மடித்த பழந்துணியும் ஏற்றிக்கொண்டு யார் காசிக்குப் போகிறார்கள்? வழியில் சென்னராயப்பட்டணம் பக்கத்தில் பெல்ட் அறுந்து வண்டி நின்றது. செங்கோடன் கைகாட்டி அழைக்க, சாலையோரப் பட்டறையிலிருந்து புட்டராஜு என்கிற மெக்கானிக் வந்தான். இந்த வண்டிக்கு இன்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே மூடிக்குள் இருக்கிறது, ஏறித்தான் பார்க்க வேண்டும். வெளியேயிருந்து கதவைத் திறந்து ஏறினான், பெல்ட்டை மாட்டினான், நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். ஸ்பேனரோடு எங்கள் வேப்பமரத்தடியில் நின்றான்.

நாங்கள் டீ வாங்கிக் கொடுத்தோம், பஸ் ஏற்றி அனுப்பினோம். மறுநாள் பிள்ளையார் கோவில் முக்கில் அவன் மறுபடியும் நின்றான். மறுபடியும் அனுப்பினோம், மறுபடியும் வந்தான். பெண் அழைக்கக் குறித்த நாளுக்கு இன்னும் இருந்ததால் வண்டி சென்னராயப்பட்டணத்திலேயே நின்றது. அந்தச் சமயத்தில்தான் நல்லம்மா தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வண்டியிலிருந்து இறங்கினாள்.

"அம்மா" என்று ஓடிவந்தான் புட்டராஜு. தெரிந்த தமிழில் சொன்னான். "என் ஊர்ல பஸ் நின்னுச்சு. ஹெண்டதி, என் பொண்டாட்டி, நிக்கறா, கொழந்தை நிக்குது, கண்ல பாக்கறேன். கால் வெச்சே. ஊர் இல்லே. இதே."

நல்லம்மா குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, நிரம்பி வழிவதைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள். வண்டிக்குள் ஏறியவன் யாராக இருந்தாலும் இனி இறங்குவது இங்கேதான் என்று அவளுக்கு அப்போது விளங்கியது. எங்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நல்ல கைக்காரன், முக்குப் பட்டறை காலியாகத்தான் கிடக்கிறது, இருந்துகொள்ளட்டுமே என்று பேசிக்கொண்டோம். இப்போது அவன் நன்றாகத் தமிழ் பேசுகிறான். பொங்கலுக்கு நாங்கள்தான் வேட்டி எடுத்துக் கொடுக்கிறோம்.

நல்லம்மா பாதிக் குடத்தோடு வண்டிக்குள் போனாள். புருஷனிடம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றும் சொல்லவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டாவது வரலாம் என்று நினைத்திருப்பாள், அல்லது மகளுக்கு மட்டும் அப்படி நடக்காது என்று நம்பியிருப்பாள். பெற்ற மனசு, குருட்டு நம்பிக்கையில்தான் ஓடும்.

ஹாசனில் அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றபோது நாங்கள் பொம்பளைகள் எட்டு பத்துப் பேர் உள்ளே இருந்தோம். பெண் அழைக்கப் போகும்போது ஆட்கள் இல்லாமலா? தாரணி செத்தது செத்ததுதான், அதில் மாற்றம் இல்லை. ஆனாலும் பிரசவம் பிரசவம் என்று கூடிப் பேசி, வளையல், குங்குமம், கட்டுச்சோறு எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு வந்திருந்தோம். ஜன்னலில் பார்த்தோம். ஓட்டு வீடு, வாசலில் செம்பருத்தி. தாரணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள், பின்னால் அந்தப் பையன் ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் தலையணையுமாக வந்தான். முகம் வெளிறிக் கால் வீங்கியிருந்தது அவளுக்கு. எங்களுக்கும் கண்ணீர் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டோம்.

நல்லம்மா தாழை நீக்கினாள். தாரணி வெளியேயிருந்து கதவைத் திறந்தாள். வெயிலில் நின்றவளுக்கு உள்ளே முதலில் ஒன்றும் தெரியவில்லை, அம்மாவைத் தவிர.

"அம்மா" என்றாள். "ரொம்பப் பக்கத்துல வந்துருச்சும்மா. நேத்துலிருந்தே இடுப்பு வலிக்குது. நீ வருவியோ மாட்டியோன்னு இருந்தேன்."

"வந்துட்டேன் சாமி."

டிரைவர் சீட்டிலிருந்து செங்கோடன் எழுந்து வந்து மனைவிக்குப் பின்னால் நின்றார். மகளின் பாதத்தைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

கோகிலா தட்டோடு முன்னால் வந்தாள். "வா கண்ணு. வலது காலை எடுத்து வெச்சு ஏறு. நடந்ததெல்லாம் நாங்க மறந்துட்டோம். உங்கம்மா வீடு, யாரு கேக்கறது? பையன் மட்டும் அப்படியே நிக்கட்டும்."

தாரணிக்கு அப்போதுதான் நாங்கள் தெரிந்தோம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆனாலும் வலிக்கிற பெண்ணுக்கு அம்மாதான் பெரிது. பையன் கையைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

நல்லம்மா மகளின் தோளில் கை வைத்துத் தள்ளினாள். மெதுவாகத்தான் தள்ளினாள், இருந்தாலும் தள்ளல் தள்ளல்தான்.

"ஏறாத."

"என்னம்மா?"

"ஏறாத தாரணி. போ. உங்கூட்டுக்கு உள்ள போ. ஏறினா நீ அங்கதான் இறங்குவ."

"எங்க?"

நல்லம்மா திரும்பி எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நாங்கள் யாருக்கும் சொல்லிக்கொள்வதில்லை. பிறகு கதவை இழுத்துச் சாத்தித் தாழைப் போட்டு, தாழின் மேல் முதுகைக் கொடுத்து நின்றாள்.

வெளியே தாரணி கதவை அடித்தாள். "இப்பவும் உங்களுக்கு நான் செத்தவதானாம்மா? இத்தனை தூரம் இதச் சொல்லத்தான் வந்தியா? இவங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து காட்டத்தான் வந்தியா?" அவள் அடிக்க அடிக்க நல்லம்மாவின் முதுகு அதிர்ந்தது. செங்கோடன் தரையில் உட்கார்ந்து, மொட்டையடித்து மறுபடி வளர்ந்திருந்த தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

எங்களுக்கு அங்கே இருக்கச் சங்கடமாக இருந்தது. "வழி விடுங்க்கா, அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்" என்றாள் கோகிலா. நல்லம்மா நகர்ந்தாள். தாரணி அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்த அதே கதவைத் திறந்து, நாங்கள் வளையல் தட்டோடு எங்கள் தெருவில் இறங்கி நடந்தோம். இறங்கும்போதும் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆண் குழந்தை, அங்கேயே ஆஸ்பத்திரியில் பிறந்தது. போனில் நல்லம்மா எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள், ஈரோட்டில் தொடங்கி மெக்கானிக் வரைக்கும். தாரணி முழுக்கக் கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்கும்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு எடுக்கவில்லை. ஏறியிருந்தால்தான் என்ன என்று எங்களில் சிலருக்கு இன்னும் வருத்தம். எங்களோடுதானே இருந்திருப்பாள், நாங்கள் என்ன பேயா பிசாசா?

செங்கோடன் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. பேட்டரி செத்து, டயர் மண்ணில் இறங்கி, அது ஹாசனில் அந்த வாசலுக்கு எதிரிலேயே நிற்கிறது. கதவு மட்டும் எங்கள் வேப்பமரத்தடியில். காலையில் வீட்டு வேலை முடிந்ததும் நல்லம்மா படியேறி உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். கொடியில் குழந்தைத் துணி காய்வதையும், மருமகன் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதையும், முதல் மொட்டை போட்டதையும் அவள் பார்த்தது அப்படித்தான். நாங்களும் ஒழிந்த நேரத்தில் போய்ப் பார்க்கிறோம். தாத்தாவின் காது, அப்பனின் நிறம்.

சாயங்காலம் வெயில் அந்தப் பக்கம் சாயும்போது தாரணி பிள்ளையோடு வந்து வண்டி நிழலில் நின்று, அதன் உடம்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பால் கொடுக்கிறாள். உள்ளே ஆள் இருப்பது தெரிந்து சாய்கிறாளா, தெரியாமல் சாய்கிறாளா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. ஒருநாள் கோகிலா தெரியாமல் இருமிவிட்டாள். தாரணி உடனே விலகி, பிள்ளையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு வெயிலுக்குப் போய் நின்றாள், ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. அதிலிருந்து நாங்கள் போனாலும் வாயைத் திறப்பதில்லை. நல்லம்மா கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, மகள் பால் கொடுத்து முடிக்கும் வரைக்கும் மூச்சைக்கூட வாயால் விடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.